உறை பிரிக்கும் முன்பே

(அல்லிநகரத்தில் ஆற்றிய சொற்பொழிவின் அச்சு வடிவம்)



பாரதிராஜா பிறந்த ஊர் இது. இந்த ஊரில் மேடை ஏறுகிறவர் சினிமாவைப் பேசினால் கைதட்டல் கிடைக்கும்; முல்லைப் பெரியாற்றைப் பேசினால் இன்னும் பலமாகக் கிடைக்கும். நான் டெண்டரைப் பற்றிப் பேச வந்திருக்கிறேன். அதிலும் தொலைத்தொடர்பு டெண்டர். கிளம்ப நினைப்பவர்கள் இப்போதே கிளம்பலாம், நான் வருத்தப்பட மாட்டேன்.

தொலைத்தொடர்பு, தகராறு என்று இரண்டு சொல்லைச் சேர்த்துச் சொன்னாலே தமிழ்நாட்டில் எல்லாருக்கும் 2ஜி ஞாபகம் வரும். 2008 ஜனவரியில் 122 உரிமங்கள் கொடுத்தார்கள். 2012 பிப்ரவரியில் உச்ச நீதிமன்றம் அத்தனையையும் ரத்து செய்தது. 2017 டிசம்பரில் சிறப்பு நீதிமன்றம் குற்றம் சாட்டப்பட்ட எல்லாரையும் விடுதலை செய்தது. பட்டிமன்றத்துக்கு இன்றைக்கும் ஓடுகிற தலைப்பு. ஆனால் அது அரசு ஒன்றை விற்ற கதை. இன்றைக்கு நான் சொல்ல வந்தது அரசு வாங்குகிற கதை: கம்பி வாங்குவது, கருவி வாங்குவது, இழுத்துக் கட்டிப் பராமரிக்க ஆள் பிடிப்பது. நம் வீட்டு வாசல்வரை வருகிற கதை இதுதான். பேசப்படுவதோ குறைவு.

நம் மாவட்டத்தில் 130 கிராம ஊராட்சிகள். அல்லிநகரம் அந்தக் கணக்கில் வராது. தேனியோடு சேர்ந்த நகராட்சி. ஊஞ்சாம்பட்டி, உப்பார்பட்டி, கோவிந்தநகரம் என்று ஊரைத் தாண்டினால் ஊராட்சி தொடங்கிவிடும். போடிக்கு மேலே கொட்டகுடி, பெரியகுளத்துக்கு மேலே அகமலை என்று போனால் ஊராட்சியும் உண்டு, மலையும் உண்டு. செல்போனில் சிக்னல் இருக்கிறதா என்பது எந்தப் பாறைமேல் ஏறி நிற்கிறோம் என்பதைப் பொறுத்தது. இப்படிப்பட்ட ஊராட்சிகளுக்கெல்லாம் கண்ணாடி இழைக் கம்பி கொண்டுபோகத்தான் பாரத்நெட் வந்தது. 2011இல் வேறு பெயரில் ஒப்புதல் பெற்றது. முதல் கட்டத்தில் நாடு முழுக்க 1 லட்சம் ஊராட்சிகள். இரண்டாம் கட்டத்துக்கு 2017 ஜூலையில் ஒன்றிய அமைச்சரவை அனுமதி கொடுத்தது. அதைத் தாங்களே செய்துகொள்வதாகச் சொன்ன மாநிலங்களில் தமிழ்நாடும் ஒன்று. அதற்காகவே டான்ஃபிநெட் என்ற அரசு நிறுவனத்தை உண்டாக்கினார்கள். 12,525 ஊராட்சிகள், சுமார் 1,950 கோடி ரூபாய் என்று பேச்சு. கம்பியில் பெரும்பகுதி மின்வாரியக் கம்பங்களிலேயே தொங்கும். கொஞ்சம்தான் மண்ணுக்குள் போகும்.

2019 டிசம்பரில் டெண்டர் அறிவிப்பு வந்தது. அடுத்த மாதமே புயல். தகவல் தொழில்நுட்பத் துறைச் செயலராக இருந்த சந்தோஷ் பாபு ஐ.ஏ.எஸ். விருப்ப ஓய்வு கேட்டார். டெண்டர் நிபந்தனைகளை மாற்றச் சொல்லி வந்த நெருக்குதல்தான் காரணம் என்று பத்திரிகைகள் எழுதின. எதிர்க்கட்சியாக இருந்த தி.மு.க. ஊழல் என்றது. அன்றைய துறை அமைச்சர் ஆர்.பி.உதயகுமார் மறுத்தார். டெண்டரே இன்னும் முடிவாகவில்லை, அதற்குள் முறைகேடு எங்கிருந்து வந்தது என்பதுதான் அரசுத் தரப்புப் பதிலின் சாரம். ஊரடங்குக் காலத்தில் நிபந்தனைகளில் திருத்தங்கள் வெளியாயின. ஒருசில நிறுவனங்களுக்கு வசதியாக வரம்புகளை மாற்றுகிறார்கள் என்று ஊழல் எதிர்ப்பு அமைப்பான அறப்போர் இயக்கம் புகார் கொடுத்தது. 2020 ஜூனில் ஒன்றிய அரசின் தொழில் மற்றும் உள்நாட்டு வர்த்தக மேம்பாட்டுத் துறை தலையிட்டது. நிபந்தனைகள் போட்டியைக் கட்டுப்படுத்துகின்றன, உள்நாட்டுத் தயாரிப்புக்கு முன்னுரிமை தரும் 2017ஆம் ஆண்டு கொள்முதல் ஆணைக்குப் பொருந்தவில்லை, திரும்ப விடுங்கள் என்றது. டெண்டர் ரத்தானது. சந்தோஷ் பாபு மக்கள் நீதி மய்யத்தில் சேர்ந்து, 2021 தேர்தலில் வேளச்சேரியில் நின்று தோற்றார். மாநிலத்தை நான்கு தொகுப்பாகப் பிரித்து மறுபடி டெண்டர் விட்டார்கள். ஆட்சி மாறியது. ஊர்களில் வேலை கண்ணில் பட்டபோது 2022 ஆகிவிட்டது.

யார் யோக்கியர், யார் அயோக்கியர் என்று தீர்ப்புச் சொல்ல நான் வரவில்லை. என்னை நிறுத்தியது அந்த ஒரு பதில்தான்: டெண்டரே முடிவாகவில்லையே, அதற்குள் முறைகேடு எங்கிருந்து வந்தது? கேட்கிறபோது நியாயமாகத்தான் இருக்கிறது. விலை உறையைப் பிரிக்கவே இல்லையே, யாருக்கும் வேலை கொடுக்கவே இல்லையே என்று நமக்கும் தோன்றும். நான் சொல்கிறேன், தொலைத்தொடர்பு டெண்டரில் நடக்க வேண்டியதெல்லாம் அநேகமாக உறை பிரிக்கும் முன்பே நடந்து முடிந்துவிடுகிறது. அதன்பிறகு நடப்பது கூட்டல் கழித்தல்.

நம் போடியில் நறுமணப் பொருள் வாரியத்தின் ஏலக்காய் ஏலம் நடக்கிறது. பாதிப் பேர் பார்த்திருப்பீர்கள், சிலர் அதிலேயே வாழ்கிறீர்கள். சரக்கின் மாதிரி எல்லா வியாபாரி கைக்கும் போகிறது. பச்சை எப்படி, பருமன் எப்படி, வாசம் எப்படி என்று விரலாலும் மூக்காலும் பார்த்துவிட்டுத்தான் விலை கேட்கிறார்கள். காய் ஏற்கெனவே உலர்ந்துவிட்டது, தரம் மாறாது. தொலைத்தொடர்பு டெண்டரில் மாதிரி என்று கையில் கொடுக்க எதுவும் இல்லை. இனிமேல் இழுக்கப்போகிற கம்பி, இனிமேல் ஓடப்போகிற ரூட்டர், வருடக்கணக்கில் பழுது பார்ப்போம் என்கிற வாக்கு, இவைதான் சரக்கு. காகிதத்தைத்தான் முகர்ந்து பார்க்க வேண்டும். அதனால் காகிதத்தில் என்ன கேட்கிறோம் என்பதே முழு விஷயமும் ஆகிவிடுகிறது.

ஒரு கணக்குப் போட்டுக் காட்டுகிறேன். மத்திய ஊழல் கண்காணிப்பு ஆணையம் 2002இல் ஒரு வழிகாட்டுதல் கொடுத்தது. ஒப்பந்தக்காரரின் சராசரி ஆண்டு விற்றுமுதல், வேலை மதிப்பில் 30 சதவீதமாவது இருக்க வேண்டும். அதே மாதிரியான வேலையில் ஒன்று 80 சதவீத மதிப்பில், அல்லது இரண்டு 50 சதவீதத்தில், அல்லது மூன்று 40 சதவீதத்தில் செய்திருக்க வேண்டும். படித்தால் நல்ல விதி. இப்போது 1,950 கோடியை ஒரே வேலையாக வைத்துப் பாருங்கள். விற்றுமுதல் 585 கோடி. ஒற்றை வேலை அனுபவம் 1,560 கோடி. இந்தியாவில் இந்த வாசலுக்குள் நுழையக்கூடியவர்களை ஒரு கை விரலில் எண்ணிவிடலாம். அதையே நான்கு சமபாகமாக்கினால் ஒரு பாகம் 487 கோடி சொச்சம். விற்றுமுதல் 146 கோடி போதும், அனுபவம் 390 கோடி போதும். வரிசை நீண்டுவிடுகிறது. விதியில் ஒரு எழுத்து மாறவில்லை. பொட்டலத்தை எந்த அளவில் கட்டுகிறோம் என்பதை மட்டும் மாற்றினோம். இது உதாரணக் கணக்குத்தான். அந்த டெண்டரில் இப்படியே எழுதியிருந்தது என்று யாரும் வெளியே போய்ச் சொல்லிவிடாதீர்கள்.

சிறு பொட்டலம்தான் நல்லது என்றும் சொல்லிவிட முடியாது. நான்கு பேர் நான்கு மாதிரிக் கருவி வைத்தால் பிறகு ஒன்றோடு ஒன்று பேச வைப்பதற்குள் தாவு தீர்ந்துவிடும். பெரியதாகக் கட்டவும் காரணம் உண்டு, சிறியதாகக் கட்டவும் காரணம் உண்டு. ஒவ்வொரு நிபந்தனைக்கும் இப்படி ஒரு நல்ல முகம் இருப்பதுதான் இதில் உள்ள சிக்கலே. "இதே வேலை செய்த அனுபவம்" என்று கேட்டால் அனுபவசாலி கிடைப்பார்; 'இதே வேலை' என்பதில் கம்பி இழுப்பது மட்டும் சேருமா, ரூட்டர் வைப்பதும் சேருமா என்று ஒரு வரியில் எழுதிவிட்டால் பத்துப் பேரில் ஏழு பேர் வெளியே போய்விடுவார்கள். ரூட்டருக்கு ஒரு திறன் எண் போட்டால் தரம் காக்கப்படும். அந்த எண் ஒரே ஒரு கம்பெனியின் விளம்பரத் தாளிலிருந்து வந்ததாகவும் இருக்கலாம். எண்ணைப் பார்த்து எண்ணத்தைக் கண்டுபிடிக்க முடியாது. எப்போது மாற்றினார்கள், யார் கேட்டு மாற்றினார்கள், என்ன காரணம் எழுதி மாற்றினார்கள் என்று பார்த்தால்தான் ஏதாவது தெரியும்.

சரி, இதையெல்லாம் நீதிமன்றம் பார்த்துக்கொள்ளாதா என்று கேட்பீர்கள். இங்கேதான் நாம் ஒரு தமிழரிடம் போக வேண்டும். 1992இல் டெல்லி, பம்பாய், கல்கத்தா, மெட்ராஸ் நான்கு நகரங்களுக்கும் செல்போன் சேவை உரிமம் கொடுக்க டெண்டர் விட்டார்கள். அதுவும் விற்கிற கதைதானே என்று நீங்கள் என்னை மடக்கலாம். ஆனால் டெண்டர் போட்டு, குழு வைத்து, மதிப்பெண் போட்டுத் தேர்ந்தெடுத்ததால் அதன் தீர்ப்புதான் பின்னால் வந்த எல்லா டெண்டர் வழக்குக்கும் தாயாகிவிட்டது. தோற்றவர்கள் வழக்குப் போட்டார்கள். மறைமுக அளவுகோல் வைத்து மதிப்பிட்டார்கள் என்று ஒரு புகார். தேர்வில் பங்கெடுத்த மூத்த அதிகாரியின் மகன், போட்டியில் இருந்த ஒரு நிறுவனத்தில் வேலை பார்க்கிறார் என்று இன்னொரு புகார். டாடா செல்லுலார் வழக்கு என்று அதற்குப் பெயர். 1994 ஜூலை 26 அன்று மூன்று நீதிபதிகள் அமர்வு தீர்ப்புச் சொன்னது. எழுதியவர் சென்னை உயர் நீதிமன்றத்திலிருந்து போன நீதிபதி எஸ்.மோகன். மகன் விஷயத்தில், அந்த அதிகாரி தன் பதவியால் விலக முடியாத இடத்தில் இருந்தார், கடைசி முடிவும் அவர் கையில் இல்லை என்று அந்தப் புகாரை ஏற்கவில்லை. அதைவிட முக்கியம் அந்தத் தீர்ப்பு வகுத்த எல்லை. முடிவு சரியா என்று நீதிமன்றம் பார்க்காது, முடிவெடுத்த முறை சரியா என்றுதான் பார்க்கும்; தொழில்நுட்பம் தெரிந்தவர்களின் மதிப்பீட்டுக்குமேல் அப்பீல் கோர்ட்டாக உட்காராது; டெண்டர் அழைப்பில் என்ன நிபந்தனை வைப்பது என்பது ஒப்பந்தம் போடுகிறவரின் உரிமை, அது பெரும்பாலும் விசாரணைக்கு அப்பாற்பட்டது.

அந்தக் கடைசி எல்லையைக் கவனியுங்கள். நான் இதுவரை அரை மணி நேரம் எதைப் பற்றிப் பேசினேனோ, அந்த அறையின் கதவை நீதிமன்றம் மரியாதையாகச் சாத்திவிட்டுப் போய்விட்டது. அதில் தப்பும் சொல்ல முடியாது. ரூட்டருக்கு எத்தனை வாசல் வேண்டும் என்று நீதிபதி முடிவு செய்வது நமக்கும் நல்லதில்லை. அப்பட்டமான தன்னிச்சை, கெட்ட நோக்கம் என்றால் தலையிடுவார்கள். அதை நிரூபிக்கிற சுமை வழக்குப் போட்டவர் தலையில். 2018இல் வந்த சட்டத் திருத்தம் இன்னும் ஒரு படி போயிற்று. தொலைத்தொடர்பு உள்பட உள்கட்டமைப்பு வேலைகள் தாமதப்படும் என்றால், குறித்த பரிகாரச் சட்டத்தின்கீழ் தடை உத்தரவே கொடுக்கக்கூடாது.

அப்படியானால் மாநிலச் சட்டம்? தமிழ்நாடு இதில் முன்னோடி. டெண்டருக்கென்றே தனிச் சட்டம் போட்ட முதல் மாநிலம் நாம்தான்: 1998ஆம் ஆண்டின் ஒப்பந்தப்புள்ளிகளில் வெளிப்படைத்தன்மைச் சட்டம், 2000இல் அதற்கு விதிகள். 2 கோடிக்கு மேற்பட்ட வேலைக்கு 30 நாள் அவகாசம் கொடு, டெண்டர் அறிவிப்பைத் தனி இதழில் போடு, மதிப்பீட்டை வெளிப்படையாகச் செய் என்றெல்லாம் அழகாக எழுதியிருக்கிறது. மேல்முறையீடும் உண்டு. யார் செய்யலாம்? டெண்டர் போட்டவர். எதன்மேல்? யாருடைய டெண்டரை ஏற்றார்கள் என்ற உத்தரவின்மேல். எத்தனை நாளுக்குள்? உத்தரவு கிடைத்து பத்து நாளுக்குள். யாரிடம்? அரசிடம். நிபந்தனையைப் பார்த்ததுமே நமக்கு வாசல் இல்லை என்று தெரிந்து, டெண்டரே போடாமல் ஒதுங்கிய சிறு கம்பெனிக்கு அந்தப் பிரிவில் இடமில்லை. கம்பி வருமென்று காத்திருக்கிற கொட்டகுடி ஊர்க்காரருக்கு இடமே இல்லை. சட்டத்தின் கண்ணில் அவர் பாதிக்கப்பட்டவரே இல்லை.

தோற்றவன் புகார் சொன்னால் 'கிடைக்காத வயிற்றெரிச்சல்' என்று தள்ளிவிடுகிற பழக்கம் நம்மிடம் உண்டு. வயிற்றெரிச்சல்தான். அதனாலேயே அவன் கண்ணுக்குச் சில விஷயங்கள் தெரியும். ஆவணத்தின் இருநூற்றுச் சொச்சம் பக்கத்தையும் வரி விடாமல் படிக்கிற ஒரே ஜீவன் தோற்ற கம்பெனிக்காரன்தான். நிபந்தனைகளைக் காரணத்தோடு எதிர்க்கிறவனும் அவன்தான். வேண்டுமென்றே முட்டுக்கட்டை போடுகிறவனும் சில நேரம் அவன்தான். 2006இல் பி.எஸ்.என்.எல். நாலரைக் கோடி இணைப்புகளுக்கு விட்ட டெண்டரில், தொழில்நுட்பச் சுற்றிலேயே வெளியேற்றப்பட்ட மோட்டோரோலா டெல்லி உயர் நீதிமன்றம் போனது. அடுத்து 9 கோடியே 30 லட்சம் இணைப்புகளுக்கு ஒரு டெண்டர். நோக்கியா சீமென்ஸை வெளியேற்றினார்கள், அவர்கள் முறையிட்டார்கள், கடைசியில் பி.எஸ்.என்.எல்.லை ஆராய அமைத்த சாம் பிட்ரோடா குழுவின் பரிந்துரைப்படி 2010இல் டெண்டரே கைவிடப்பட்டது. 2020இல் 4ஜி டெண்டர்; உள்நாட்டுக் கருவி தயாரிப்பாளர்களை ஒதுக்குகிற நிபந்தனைகள் என்று புகார் எழுந்தது, ஜூலை முதல் தேதி ரத்து. தமிழ்நாட்டு பாரத்நெட் டெண்டர் ரத்தாகி ஒரு வாரம்கூட ஆகியிருக்காது. ஜியோ 2016 செப்டம்பரில் 4ஜி கொண்டுவந்தது. பி.எஸ்.என்.எல்.லின் உள்நாட்டு 4ஜி பிரதமர் கையால் தொடங்கப்பட்டது 2025 செப்டம்பரில். இடையில் ஒன்பது வருடம். எல்லாத் தாமதமும் டெண்டரால் வந்ததில்லை. பணமும் இல்லை, கொள்கையும் மாறிக்கொண்டே இருந்தது. ஆனால் மலையோரத்தில் வேறு கம்பெனி டவர் எட்டாமல் பி.எஸ்.என்.எல். சிம்மையே நம்பி இருந்தவர்கள், அந்த ஒன்பது வருடமும் காரணம் தெரியாமலே திரையில் வட்டம் சுற்றுவதைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

லஞ்சமே இல்லையா என்று பின்வரிசையில் முணுமுணுப்பு கேட்கிறது. இருக்கிறது. சுக்ராம் தொலைத்தொடர்பு அமைச்சராக இருந்தார். 30 கோடி ரூபாய் கேபிள் ஒப்பந்தத்தை ஒரு ஹரியானா கம்பெனிக்குக் கொடுக்க 3 லட்சம் வாங்கினார் என்று 2011இல் நீதிமன்றம் தண்டித்தது. குற்றம் நடந்தது 1996இல். பதினைந்து வருடம். அந்த ஜெல்லி நிரப்பிய தாமிரக் கேபிள் எந்த ஊர் மண்ணுக்குள் புதைந்ததோ, தீர்ப்பு வருவதற்குள் அதில் பேசுவதற்கு ஆளே இல்லாமல் போய்விட்டது. லஞ்சத்தை வழக்காகப் பிடிக்கலாம். நிபந்தனையை வளைப்பதில் பணம் கை மாறியதா என்று கடைசிவரை யாருக்கும் தெரியாது. பணமே மாறாமலும் வளையும்: பழகிய கம்பெனி, பழகிய கன்சல்டன்ட், போன டெண்டரின் பக்கங்களை அப்படியே நகல் எடுக்கிற சோம்பல். கடைசியாகச் சொன்னதுதான் அதிகம் என்பது என் எண்ணம்.

குறைந்த விலைக்காரருக்கே கொடு என்கிற எல்-1 முறையை மாற்றி, தரத்துக்கும் மதிப்பெண் கொடுத்தால் தீர்ந்துவிடும் என்று ஒரு கட்சி. 2021 அக்டோபரில் ஒன்றிய நிதியமைச்சகம் அதற்கு இடம் கொடுத்தது, தரத்துக்கு 30 சதவீதத்துக்குமேல் எடை போடக்கூடாது என்ற கட்டுப்பாட்டோடு. எனக்கு இதில் பெரிய நம்பிக்கை இல்லை. விலை எண்ணாக இருப்பதால் அதில் விளையாட இடம் குறைவு. தரத்துக்கான மதிப்பெண் மனிதர் போடுவது; சண்டை இடம் மாறும், அவ்வளவுதான்.

எனக்கு நம்பிக்கை உள்ள இடம் வேறு. டெண்டர் அறிவித்தபிறகு, விலை கேட்கும் முன்பு, ப்ரீ-பிட் கூட்டம் என்று ஒன்று நடக்கும். கம்பெனிக்காரர்கள் கேள்வி கேட்பார்கள்: இந்தத் தொகையைக் குறையுங்கள், இந்த அனுபவத்தை விரியுங்கள், இந்த எண்ணை நீக்குங்கள். துறை பதில் சொல்லும், திருத்தம் வெளியிடும். மொத்த நாடகமும் அந்த ஒரு கூட்டத்தில்தான். பல துறைகள் கேள்வி-பதிலை இணையத்தில் போடுகின்றன. 'டெண்டர் நிபந்தனைப்படி' என்ற இரண்டு வார்த்தையே முக்கால்வாசிப் பதில். ஒவ்வொரு திருத்தத்துக்கும் எதிரே காரணம் எழுத வேண்டும், அந்தக் காரணத்தோடுதான் அதை வெளியிட வேண்டும், போட்டியில் இல்லாத குடிமகனும் அந்தக் கட்டத்தில் எழுத்தில் கேள்வி கேட்கலாம் என்று 2000ஆம் ஆண்டு விதிகளில் நாலு வரி சேர்த்தால் போதும். இதற்குச் சட்டமன்றத்தைக் கூட்டக்கூட வேண்டியதில்லை.

இன்னொன்று பராமரிப்புப் பணம். 2023 ஆகஸ்டில் ஒன்றிய அரசு பாரத்நெட்டைத் திருத்தி, 1,39,579 கோடி ரூபாய்க்கு ஒப்புதல் கொடுத்தது. கட்டுகிறவரே பத்து வருடம் பராமரிக்கவும் வேண்டும் என்பது அதில் உள்ள நல்ல மாற்றம். கம்பி அறுந்தால், ஊராட்சி அலுவலகத்தில் வைத்த இணைப்புப் பெட்டி அணைந்தால் பணத்தில் பிடித்தம் என்று ஒப்பந்தம் சொல்லும். அணைந்திருந்த நேரத்தைக் கணக்கிடுவது எங்கோ ஒரு மையத்தில் உள்ள கணினி. மின்சாரம் போனதால் அணைந்ததா, கம்பி அறுந்ததால் அணைந்ததா என்று கம்பெனிக்கும் துறைக்கும் வாதம் வரும். பெட்டி எந்தச் சுவரில் மாட்டியிருக்கிறதோ அந்த அலுவலகத்தில் இருக்கிற ஊராட்சிச் செயலரை யாரும் கேட்பதில்லை. மாதம் ஒரு கையெழுத்து அவரிடம் வாங்கினால்தான் பராமரிப்பு பில் பாஸாகும் என்று அடுத்த டெண்டரில் ஒரு நிபந்தனை வைக்கலாம்.

ஊராட்சிகளிலிருந்து வந்திருப்பவர்கள், உங்கள் கிராம சபையில் இந்தக் கையெழுத்து நிபந்தனையை முதல் தீர்மானமாகக் கொண்டுவர முடியுமா என்று பாருங்கள். மாவட்ட ஆட்சியர் அலுவலகம் பக்கத்திலேயே இருக்கிறது. தீர்மான நகலில் ஒன்றைத் துறைச் செயலருக்குப் பதிவுத் தபாலில் அனுப்புங்கள், ரசீதைக் கிழித்துப் போட்டுவிடாதீர்கள்.